மிச்சம் வைத்த நாலு பக்கம்

கண்டியில் ஒரு கோப்பிக் கிட்டங்கியில் நான் எழுத்து வேலை பார்த்த காலம். கோப்பிக்கொட்டை மூட்டை ஏற்ற மாட்டுவண்டிகளோடு புசல்லாவைக்குப் போனால் ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் அறையில்தான் தங்குவேன். வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டு, நூலால் கட்டிய மூக்குக்கண்ணாடி, கட்டிலுக்கடியில் தகரப்பெட்டி நிறையப் படிக்காத புத்தகங்கள்.

கோப்பிப் பழம் பறிக்கக் கடல் தாண்டி ஊரிலிருந்து ஆட்கள் வந்து இறங்கியதும், "இந்த வருசம் ரெண்டு புத்தகமாவது முடிச்சிரணுங்க" என்பார். அந்தியில் அவர்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். கேட்க அவர்கள் இல்லாமல் ஒரு வரி படிக்கமாட்டார். தை மாதம் அவர்கள் ஊர் திரும்பும்போது ஒன்றுகூட முடிந்திருக்காது. அதற்காக அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

காரணம் ஒரு வருசம் தெரிந்தது. மறுநாள் ஆட்களுக்குப் பயணம். கதையில் நாலே பக்கம் மிச்சம். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டார்.

"ஐயா, அந்தப் பிள்ளை பொழைச்சுச்சா? அதை மட்டும் சொல்லிருங்க" என்று ஒருத்தி கெஞ்சினாள்.

"அடுத்த வருசம் வந்து கேளு தாயி."

ஊருக்கும் தோட்டத்துக்கும் நடக்கும் காட்டுவழியில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். அது அவளுக்கும் தெரியும். "வந்து கேக்காம விடமாட்டேன்" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

"எனக்காவது படிங்களேன்" என்றேன்.

"அவங்களை விட்டுட்டு நாம மட்டும் தெரிஞ்சுக்கிறதா? நல்லாருக்காதுங்க."

புத்தகத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

அடுத்த பறிப்புக்கு, யாரும் சொல்லாமலே, முதல் வண்டியில் நான் ஏறி உட்கார்ந்திருந்தேன்.