சார்மினார் வளையல் தெருவில் என் வீட்டுக்காரியைத் தேடியது

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். இன்று கீழ்க்கட்டளையில் ஒரு பெயின்ட் கடை, கூடுவாஞ்சேரியில் இன்னொன்று. இரண்டும் ஒற்றை ஆளாக நான் எழுப்பியவை. என் கடையில் கணக்கு எழுதுகிறவர் பட்டம் வாங்கியவர். எழுந்து நின்றுதான் என்னிடம் பேசுவார்.

எங்கள் பள்ளிவாசல் தெருக்காரர்கள் ஐதராபாத் பார்க்க ஆசைப்பட்டபோது ஏற்பாட்டை நான்தான் செய்தேன். தாம்பரத்தில் ஏ.சி. இல்லாத பழைய டூரிஸ்ட் பஸ் ஒன்றைப் பேரம் பேசி அடித்துப் பிடித்தேன். அந்த விலைக்கு வேறு யாருக்கும் வண்டி கிடைத்திருக்காது. ஆந்திராவைக் கடந்து தெலங்கானா எல்லைக்குள் போவதற்குள் எல்லோருக்கும் இடுப்பு கழன்றுவிட்டது. அந்த விலைக்கு அந்த சீட்தான் வரும்.

சார்மினாரில் ஜேப்படிக்காரர்கள் அதிகம் என்று கேள்விப்பட்டிருந்தேன். இறங்கும்போது என் மனைவியின் போன், சர்க்கரை மாத்திரை, மயக்கம் வந்தால் வாயில் போட வைத்திருந்த பிஸ்கட், எல்லாவற்றையும் வாங்கி என் தோல் பையில் வைத்துக்கொண்டேன். கூட்டமாக இருந்ததால் மதியம் அவள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

எங்கள் குடும்பங்களில் தெருவில் ஆண் முன்னே போவான், பெண் பின்னால் வருவாள். திரும்பிப் பார்க்கிற வழக்கம் கிடையாது. வளையல் கடைத் தெருவுக்குள் அப்படித்தான் நடந்தேன். கட்டடத்தைக் காட்டிப் பேசிக்கொண்டே போனேன்.

"பாத்தியா, இதெல்லாம் சுண்ணாம்புப் பூச்சு. நம்ம கடையில இருக்கிற எந்த டப்பாவும் இவ்ளோ காலம் தாங்காது."

பின்னால் காலடிச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஆனால் உம் கொட்டவில்லை. "என்ன, கால் வலிக்குதா?" என்று திரும்பினேன். கறுப்பு புர்கா, முகத்திரை, அதே உயரம். அந்தப் பெண் உருதுவில் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டாள். அவள் யாரோ!

உடனே மனைவிக்குப் போன் போட்டேன். என் அக்குளில் இருந்த பைக்குள்ளேயே மணி அடித்தது.

கீழ்க்கட்டளையில் என்றால் தெருமுனையில் வரும்போதே நடையை வைத்து அவளைச் சொல்லிவிடுவேன். இங்கே தெரு முழுக்கக் கறுப்பு புர்கா. யார் முகத்தை உற்றுப் பார்ப்பது? கொஞ்சம் குனிந்து பார்த்தால்கூட அடி விழும். எனக்கு உருது தெரியும் என்று ஊரில் பெயர். வியாபாரிகளிடம் பொறுக்கிய நாலு வார்த்தைதான் அது. அதை வைத்துக் கடைக்காரர்களிடம் கேட்டேன். அவர்கள் மடமடவென்று பதில் சொன்னார்கள். புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு ஓடினேன். போன வருடம் இப்படிப் பசியோடு இருந்து சமையலறையில் விழுந்து கிடந்தாள். அதே நினைப்பு.

டிரைவர் போன் செய்தார்.

"இன்னா பாய், எங்க கீறீங்க? போலீஸ்காரன் வண்டிய எடு எடுன்னு தட்டிக்கினு கீறான்."

"என் சம்சாரத்தக் காணோம்ப்பா."

"ஐய, என்னா பாய் இது! பர்மிட்டு இன்னியோட முடியுது. பார்டர் தாண்டலன்னா வண்டியப் புடிச்சு உள்ள போட்ருவான். அல்லாரும் குந்திகினு கீறாங்க."

அவர் பக்கத்தில் எங்கள் எதிர்வீட்டு அக்கா கத்துவது கேட்டது. "அந்தப் பொண்ணு ஏறாம வண்டி நவுந்துச்சு, நான் டயர் கீழ படுத்துருவேன். ஓட்டிக்கினு போ, பாக்கலாம்!"

"இந்தம்மா ஒரே பேஜாரு பாய்," என்று டிரைவர் போனை வைத்தார்.

கல்யாணமான நாளிலிருந்து தெருவில் நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அன்று நடுத்தெருவில் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன். மூன்று பெண்கள் திரும்பினார்கள். அந்த ஊரில் அந்தப் பெயர் ஏராளம். ஒருத்தியும் அவள் இல்லை. ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு வெட்கம் என்பதே வரவில்லை. யா அல்லாஹ், அவளை மட்டும் காட்டிவிடு என்று முனகிக்கொண்டே தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைந்தேன்.

ஒரு வளையல் கடைப் படியில் ஒரு வயதான பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெள்ளையாக வெளுத்து, வியர்த்து, வெளிச்சத்தில் திறந்து கிடந்தது. தாண்டிவிட்டேன். நாலடி போன பிறகுதான் நின்று திரும்பிப் பார்த்தேன். என் மனைவி. வாசலைத் தாண்டினால் யாருக்கும் முகம் காட்டாதவள், முகத்திரையைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு அத்தனை ஆண்கள் போகிற தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

"மூஞ்சியத் தொறந்து வெச்சா உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்," என்றாள். நாக்கு குழறியது. "ரெண்டு தடவ என்னைத் தாண்டிப் போயிட்டீங்க. கூப்பிட்டேன். சத்தம் வரல."

நான் கறுப்புத் துணியைத்தான் தேடியிருக்கிறேன்.

அவசரத்தில் பையின் ஜிப்பைத் தப்பான பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர்தான் திறந்து கொடுத்தார், தண்ணீரும் கொடுத்தார். பிஸ்கட்டை உடைத்து உடைத்து ஊட்டினேன். அவள் கை ஜில்லென்று இருந்தது. போன் மறுபடி அடித்தது.

"பாய், கெளம்பட்டா?"

"அவ சாப்பிடுறா. நிக்கறதுன்னா நில்லு, இல்லன்னா போ," என்றேன்.

மறுமுனையில் பெருமூச்சு. "அக்கா கெடச்சாங்களா? மெதுவா கூட்டிக்கினு வாங்க. நான் ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வந்து நிக்கறேன்."

கடைசித் துண்டை அவளே கையில் வாங்கித் தின்றாள். வாயைத் துடைத்தாள். போகிறவர்களை அப்போதுதான் கவனித்தவள் போலத் திடுக்கிட்டு, முகத்திரையை இழுத்து விட்டுக்கொண்டாள். எனக்கு அதற்குப் பிறகுதான் மூச்சே வந்தது.