தார் சுடாத சித்திரை

சித்திரை வெயிலில் இளகும் தாரின் வாசனை எங்கிருந்து வந்தாலும், இன்றும் என் உள்ளங்கால்கள் என்னைக் கேளாமலே கூசிச் சுருங்கிக்கொள்கின்றன. எழுபதுகளின் பிற்பகுதியில், ஆண்டுதோறும் தேருக்குத் திருவரங்கத்திலிருந்து கொள்ளிடப் பாலத்தைக் கடந்து, டோல்கேட் வழியாகச் சமயபுரத்துக்கு நடந்துபோகும் எங்கள் தெருப் பெண்களின் கூட்டத்தில், மஞ்சள் புடவையும் கையில் வேப்பிலையுமாக அம்மாவும் போவாள். நான் அவள் முந்தானையைப் பிடித்தபடி, புளியமர நிழல் கிடைத்த இடங்களில் நின்றும், நிழலற்ற இடங்களைத் துள்ளியே கடந்தும் உடன் ஓடுவேன். செருப்பு என்ற பேச்சே அந்த நடையில் கிடையாது. "சூடு பொறுத்தவளுக்குத்தான் ஆத்தா கண் திறப்பா" என்பார்கள் பெரியவர்கள்.

அம்மாவுக்குச் "சர்க்கரை" வந்து அப்போது சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மாதம் ஒருமுறை அப்பா அவளைத் தெப்பக்குளத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு டாக்டரிடம் அழைத்துப்போவார். வீட்டில் தனியே விடமுடியாததால் நானும் போவேன். டாக்டர் அப்பாவைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசுவார், அப்பா ஆங்கிலத்தில் பதில் சொல்வார், நோயாளியான அம்மாவோ, பெண் பார்க்க வந்தவர்கள் முன் உட்கார்த்தி வைக்கப்பட்டவளைப் போல, புடவை நுனியைத் திருகிக்கொண்டு இருவருக்கும் நடுவே உட்கார்ந்திருப்பாள். தெருவில் யாருக்குத் தந்தி வந்தாலும் அப்பாவிடம்தான் ஓடிவருவார்கள். சொல்லுக்குச் சொல் தமிழாக்கி, தைரியமும் சொல்லி அனுப்புவார். அப்படிப்பட்டவர், டாக்டர் நெடுநேரம் பேசியதையெல்லாம் பஸ் ஏறுவதற்குள், "இனிப்பு கூடாதுங்கறார், மாத்திரையை விடாம போடச் சொல்றார்" என்று சுருக்கி முடித்துவிடுவார்.

அம்மா அந்த இரண்டையும் விரதம் போலக் காத்தாள். காபியில் சர்க்கரையை விட்டாள். தீபாவளிக்கு எங்களுக்கு அதிரசம் சுட்டுத் தந்து, தான் வாசனையோடு நிறுத்திக்கொண்டாள். "வாயைக் கட்டிட்டா வியாதி என்ன பண்ணிடும்?" என்பாள். அது வாயோடு முடிகிற நோய் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். காலுக்கும் இறங்கும் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

நான் நாலாம் வகுப்பு முடித்திருந்த சித்திரையில், "பாத்துப் போயிட்டு வாங்க" என்று அப்பா வாசலில் நின்று வழியனுப்ப, வழக்கம்போல் புறப்பட்டோம். பாலம் தாண்டியதுமே மற்றவர்கள் குதிகாலால் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். அம்மா மட்டும் நிழலைத் தேடவில்லை. தார் பளபளத்த நடுச்சாலையிலேயே, வீட்டுக் கூடத்தில் நடப்பவளைப் போல நிதானமாகப் போய்க்கொண்டிருந்தாள். முதலில் கவனித்தவள் எதிர்வீட்டுச் சரோஜா.

"ஏங்க்கா, உங்களுக்குச் சுடவே இல்லியா?"

"இல்லடி. பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு."

"பாருங்கடி, எங்களுக்கெல்லாம் கொப்புளம், அக்காவுக்கு மட்டும் மெத்தை. ஆத்தாகிட்ட சொல்லி எனக்கும் ஒரு தலகாணியாவது வாங்கிக் குடுங்கக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் நீர்மோர்ப் பந்தலில் உட்கார்ந்தபோது சிரிப்பு அடங்கி, ஒவ்வொருத்தியாக வந்து, "நெஜமாவே சுடலையாக்கா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்கள், முன்பின் தெரியாத ஒரு கிழவி குனிந்து அம்மாவின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அம்மாவின் முகத்தில் அன்றிருந்த ஒளியை அதற்குமுன் நான் கண்டதில்லை. டாக்டர் அறையில் தலைகுனிந்தே இருந்தவள் அன்று எல்லோருக்கும் நடுவில் தலை நிமிர்ந்து இருந்தாள்.

வீடு திரும்பியபின் நான்தான் பார்த்தேன்: அவள் பாதத்தின் அடியில் தோல் வெந்து, தாளைப் போல உரிந்திருந்தது. வலிக்கவில்லை என்றாள். வலிக்காததும் அருள்தானே என்று மஞ்சளும் கோவில் திருநீறும் குழைத்துப் பூசிக்கொண்டு, கொல்லைக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள். கால் வீங்கி, அறையில் ஒரு வாடை நிலைத்த பிறகே ஆஸ்பத்திரி. இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

பார்க்க வந்த அந்த டாக்டர், ஆத்திரத்தில் ஆங்கிலத்தை மறந்து தமிழில் பேசினார்.

"போன வருஷமே சொன்னேனே சார். காலில் உணர்ச்சி போயிட்டிருக்கு, வெறுங்காலோட நடக்க விடாதீங்கன்னு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். டாக்டர் போனதும் கேட்டாள்.

"எங்கிட்ட ஏங்க சொல்லல?"

"சொன்னா நீ பயந்துடுவியோன்னுதான்."

"பயந்திருப்பேன். செருப்பும் போட்டிருப்பேன்."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கள் இருவரிடமும் அல்லாமல், கட்டுப்போட்ட காலிடம் கேட்பதைப் போல அம்மா கேட்டாள்: "அப்ப அது ஆத்தா இல்லியா?"

விரல்கள் போனதற்கு அவள் அழுது நான் பார்த்ததில்லை. அந்தக் கேள்விக்குத்தான் அழுதாள். நோயும் கணவரும் சேர்ந்து அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது, வாழ்நாளில் ஒரே ஒரு முறை அவள் தலை நிமிர்ந்த அந்த நடுப்பகலை. அதற்குப் பிறகு டாக்டரிடம் அவள் தனியாகவே போனாள். "எனக்குத் தமிழ்ல சொல்லுங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க" என்பாளாம். துணைக்கு வரவா என்று அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு நிற்பார். "நானே கேட்டுக்கறேங்க" என்று, கோபம் சிறிதுமில்லாத குரலில் சொல்லிவிட்டுப் படியிறங்குவாள். அந்தக் குரலை அப்பா கடைசிவரை தாங்கமாட்டாமல் தாங்கினார்.

இன்று அந்தச் சாலை அகன்றுவிட்டது. புளியமரங்கள் இல்லை, நடப்பவர்களுக்காக லாரியில் தண்ணீர் கொண்டுவந்து தாரை நனைக்கிறார்கள். சரோஜாக்காவும் இல்லை, அந்தக் கூட்டத்தில் பலரும் இல்லை. நானும் இப்போது சர்க்கரை நோயாளி. மருத்துவமனையில் ஒரு நர்ஸ் பெண் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் என் உள்ளங்காலை அங்கங்கே தொட்டு, "தெரியுதாம்மா? இங்க தெரியுதா?" என்று பொறுமையாகக் கேட்கிறாள். தெரிகிறது என்று சொல்லும்போதெல்லாம் என் கண்ணுக்குள் அந்த நீர்மோர்ப் பந்தல் வந்து நிற்கிறது. இதே கேள்வியைத்தான் அன்று அத்தனை பெண்களும் அம்மாவிடம் கேட்டார்கள், பொறாமையோடும் பக்தியோடும். அவளும் உண்மையைத்தான் சொன்னாள்.