என் ரத்தத்தில் இல்லாத சர்க்கரை

குற்றச்சாட்டு: சென்ற ஆண்டு மார்ச் பதினான்காம் நாள் முற்பகலில், நமது சரக்கு முனையத்தின் மருத்துவக் குழு என்னைச் சர்க்கரை நோயாளி என்று தீர்மானித்தது. பெரிய கிரேனின் இருக்கையிலிருந்து என்னை இறக்கி, நுழைவாயிலில் ஹெல்மெட் வழங்கும் மேசைக்கு முன் உட்கார வைத்தது. எனக்குச் சர்க்கரை நோய் இல்லை. தீர்ப்பு தவறு என்று அன்றே சொன்னேன். ஆனால் எதனால் தவறு என்று நான் அடுக்கிய காரணங்கள் அனைத்தும் பிழையானவை என்பதையும் நானே இங்கு பதிவு செய்துவிடுகிறேன். இல்லையேல் அவற்றைச் சுட்டிக்காட்டும் மகிழ்ச்சியைக் குழு அடைந்துவிடும்.

கிரேனோ ஃபோர்க்லிஃப்டோ, ஓராண்டு இயக்காதவரின் உரிமம் தானாகவே காலாவதியாகும் என்பது விதி. அந்த ஆண்டு இன்னும் சில வாரங்களில் முடிகிறது. ஆகவே இம்மனு.

மனுதாரர் யார் என்பது தெரிய வேண்டும். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். சங்கிலிகளுக்கு கிரீஸ் பூசும் வேலையில் சேர்ந்து, மேலே இருப்பவர்களின் கைகளை அண்ணாந்து பார்த்துப் பார்த்தே கழுத்துவலியையும் கிரேன் தொழிலையும் ஒருசேரப் பெற்றவன். மின்கட்டண ரசீது முதல் பல் பிடுங்கிய சீட்டு வரை அனைத்தையும் கோப்பில் வைத்திருப்பவன். பல்லையும் வைத்திருந்தேன், மனைவி தூக்கி எறிந்துவிட்டாள்.

கிரேன் அறையில் ஒரு மரியாதை உண்டு. தலையைச் சொறிவதற்காக ஹெல்மெட்டைக் கழற்றும் ஒவ்வொருவரின் வழுக்கையும் எனக்குத் தெரியும். என் வழுக்கை எவருக்கும் தெரியாது. நுழைவாயிலுக்கு வந்தபின் நிலைமை தலைகீழாயிற்று.

தீர்ப்பு வந்த அன்று வீட்டில் ஆறுதல் கிடைக்கும் என்று எண்ணினேன்.

"எங்க ஒளிச்சு வெச்சுத் திங்கறீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணும் திங்கல. மெஷின் தப்பு."

"மெஷினுக்கு உங்க மேல என்ன பகை? எங்கண்ணனும் இப்படித்தான் தலையில அடிச்சு சத்தியம் பண்ணான். சட்டைப் பையைத் தொட்டா மிட்டாய்க் காகிதம்."

அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், இதே முனையத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். எனக்கு முன்பே, அதே பரிசோதனையில், அதே போன்ற சர்க்கரை எண்ணுக்காக இறக்கப்பட்டு, எடைமேடையில் சீட்டுக்கு முத்திரை குத்துகிறார். அவருடைய உரிமம் போயே போய்விட்டது. அவர் இறக்கப்பட்ட அன்று அவர் வீடு தேடிச் சென்று நாவடக்கம் குறித்து நான் நீண்ட சொற்பொழிவு ஆற்றினேன். முடிவில், "மலைக்கு அந்தப் பக்கத்துப் புத்தி, சொன்னா ஏறாது" என்றும் சேர்த்துக்கொண்டேன். மனைவியின் குடும்பம் மலைகளுக்கு அப்பாலிருந்து வந்தது. எங்களுடையது அப்படியல்ல. "நம்ம ரத்தம் வடிகட்டின ரத்தம்டா" என்பார் என் அப்பா. அதை நம்பி, ஏழு தலைமுறை வம்சாவளிப் படம் ஒன்றை நானே வரைந்து, லேமினேட் செய்து, கூடத்தில் மாட்டியிருந்தேன். மேல் நான்கு தலைமுறைகளுக்கு ஆதாரம் என் கையெழுத்து மட்டுமே.

பிறகு நூலகத்தில் உட்கார்ந்து மருத்துவம் கற்றேன். என் முதல் முடிவு: ரத்தக் குப்பியை யாரோ மாற்றிவிட்டார்கள். மறுபரிசோதனை கேட்டேன்; அதே எண் வந்தது. மீண்டும் கேட்டேன்; மீண்டும் அதே எண். இது என் கோட்பாட்டுக்குச் சற்றுப் பின்னடைவு. ஆயினும் ஒவ்வொரு முறையும் அதே ஆளுடைய குப்பியோடுதான் மாற்றுகிறார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அக்கடிதத்தின் நகல் என்னிடம் உள்ளது. அதை யாருக்கும் காட்டுவதில்லை.

இடையில் குழு எழுதிக் கொடுத்த மாத்திரைகளை விதிப்படி விழுங்கினேன். விதியை மீறாதவன் என்ற பெருமை எனக்கு உண்டு. ஒரு நாள் மேசையில் கை வெடவெடவென்று நடுங்கியது. சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டது. ஹெல்மெட்டை ஒரு பக்கம் நீட்டிவிட்டு, மறுபக்கத்திலிருந்து வாங்கிக்கொள்ளுமாறு ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேனாம். யாரோ இனிப்புத் தேநீரை வாயில் ஊற்றினார்கள். உயிர் திரும்பியது. அந்நேரம் அவ்வழியே வந்த மேற்பார்வையாளர், "நோயாளி இனிப்புத் தேநீர் அருந்தக் கண்டேன்" என்று பதிவு செய்துவிட்டுப் போனார். பட்ட காலிலே படும் என்பது இதுதான்.

அந்த நடுக்கம்தான் என்னை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தது. அங்கிருந்த பெண் மருத்துவரிடம் என் வாதங்களை எழுதிய தாள்களைக் கட்டாக நீட்டினேன். அவர் முதல் பக்கத்தைப் படித்தார். மற்றவற்றின் மேல் தேநீர்க் கோப்பையை வைத்தார்.

"விரல்ல குத்திப் பார்த்தா என்ன வருது ஐயா?"

"எப்பவும் சரியாத்தான் இருக்கு."

"மாத்திரை போட்டா மயக்கம் வருது. ஆனா மூணு மாசச் சராசரி மட்டும் இறங்கவே மாட்டேங்குது. அப்படித்தானே? உங்க முன்னோர் எந்தப் பக்கம்? மலைக்கு அந்தாண்டையா?"

எனக்கு வந்த கோபத்தில், ஏழு தலைமுறையையும் பெயர் சொல்லி ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் கையில் ரத்தம் எடுக்கச் சொன்னார்.

அடுத்த வாரம் அவர் விளக்கியதை அப்படியே தருகிறேன்.

"ரத்தத்துக்குச் சிவப்பு குடுக்கற புரோட்டீன் ஹீமோகுளோபின். எல்லாருக்கும் அது ஒரே அச்சுல வார்த்தது இல்ல. நீளச் சங்கிலியில ஒரே ஒரு கண்ணி மாறியிருக்கும். சில மக்கள்கிட்ட இது ரொம்ப சகஜம், சில மக்கள்கிட்ட அபூர்வம். உங்க ஆபீஸ் மெஷின், சர்க்கரை ஒட்டின ஹீமோகுளோபினைத் தனியாப் பிரிச்சு எண்ணுது. உங்களோட மாறின புரோட்டீன் சரியா அதே இடத்துல வந்து நிக்குது. மெஷின் ரெண்டையும் ஒண்ணாக் கூட்டிடுது."

"அப்ப இது நோயா டாக்டர்?"

"நோய் இல்ல. சிலருக்கு மூக்கு நீளம், சிலருக்குச் சப்பை. அந்த மாதிரி. இந்தப் புரோட்டீனைச் சாராத வேற பரிசோதனை பண்ணியாச்சு. உங்களுக்குச் சர்க்கரை இல்ல. அந்த மாத்திரையை இன்னைக்கே நிறுத்துங்க."

"மலைக்கு அந்தாண்டைன்னு சொன்னீங்களே..."

"அங்க அதிகம் ஐயா. இங்கயும் இருக்கும். ரத்தத்தை வெச்சு ஒருத்தர் ஊரைச் சொல்லிட முடியாது."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் வீட்டில் மும்முறை சொன்னேன். எவரும் காதில் வாங்கவில்லை. மச்சான் சிரித்த சிரிப்பில் கூடத்துப் படமே ஆடியது.

"மாப்ளேன்னு கூப்பிட்டது போதும். வாய்யா பங்காளி! பந்தியில எம் பக்கத்துல உக்காரு!"

"அண்ணே, சும்மா இரு" என்றாள் மனைவி. "இவர் உனக்குப் பங்காளின்னா எனக்கு என்ன முறை? கருமம், கருமம்!"

"கவலைப்படாத. பங்காளிச் சண்டைன்னா நிலத்துக்கு வரும். இவர்கிட்ட இருக்கறது ரசீது மட்டும்தான்."

சிரிப்பு அடங்கியபின்தான் எனக்கு உறைத்தது. அதே எண். அதே மெஷின். மச்சானை மறுநாளே அந்த மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவருக்கும் அதே புரதம். அவருக்கும் சர்க்கரை இல்லை. முடிவைக் கேட்டதும் மனிதர் சிரிக்கவில்லை.

"அப்ப நான் வண்டியை விட்டது எதுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

நாவடக்கம் குறித்து அவ்வளவு பேசிய நான், அவருடைய சீட்டுகளையும் வாங்கி என் கோப்பில் சேர்த்தேன்.

இருவரின் முடிவுகளோடும் மருத்துவரின் கடிதத்தோடும் குழுவின் அலுவலரைச் சந்தித்தேன்.

"ஐயா, விதியில எண்தான் இருக்கு" என்றார் அவர். "அந்த எண்ணுக்கு மேல போனா மேல ஏறக்கூடாது. உங்க தாத்தா எங்கேர்ந்து வந்தாருங்கறதுக்கு விதியில இடமில்ல."

"எனக்கு நோய் இல்லன்னு டாக்டரே எழுதியிருக்காங்களே!"

"நோய் இல்லன்னு நானும் நம்பறேன். ஆனா எண் இருக்கே?"

வாய்மொழியாக இவ்வளவுதான். எழுதித் தரச் சொன்னேன். மதிய உணவுக்கு நேரமாயிற்று என்று எழுந்துவிட்டார்.

இந்த முனையத்தில் மலைகளுக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் பலர் வேலை செய்கிறார்கள். இந்த ஒரு பரிசோதனையால் அவர்களில் எத்தனை பேர் இறக்கப்பட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. குழுவுக்குத் தெரியும். தெரியாவிட்டால் தெரிந்துகொள்வது அதன் கடமை.

ஆகவே குழு பின்வருவனவற்றுக்குப் பதிலளிக்க வேண்டும். எனக்கு நோய் உண்டெனில் அதன் பெயர் என்ன? இல்லையெனில் எந்த நாளில் நான் கிரேனில் ஏறலாம்? என் மச்சானின் காலாவதியான உரிமத்தைத் திருப்பித் தரப்போவது யார்? இனி இந்தப் பரிசோதனையில் எண் ஏறியவர்களை இறக்குமுன் வேறு பரிசோதனை ஒன்று செய்யப்படுமா?

பதில் எழுத்துமூலம், தேதியுடனும் கையொப்பத்துடனும், மார்ச் பதினான்காம் நாளுக்கு முன் எனக்கு வந்து சேர வேண்டும். என் மச்சானுக்குத் தனிப் பிரதி.