கண் திறக்காத நாற்பத்து நான்கு பேர்

என் படையில் அறுபத்து மூன்று பேர். கட்டைவிரல் உயரம். ஈட்டிக்காரர்கள், வில்லாளிகள், வேட்டைநாயைச் சங்கிலியில் பிடித்த நான்கு ராட்சசர்கள், கொடி தூக்குகிறவன் ஒருவன், சிம்மாசனத்தை விட்டு எழுந்து நிற்கிற கிழட்டு ராஜா ஒருவன். சாம்பல் நிறப் பிளாஸ்டிக்காகப் பெட்டியில் வந்தவர்கள். இரண்டு வருடம் தூரிகையோடு உட்கார்ந்து தோல் கொடுத்தேன், கவசத்துக்குத் துரு கொடுத்தேன், துருவுக்கு மேல் மழை ஒழுகிய கறைகூடக் கொடுத்தேன். கண் மட்டும் வைக்கவில்லை.

கடைசியில்தான் வைப்பேன் என்று இருந்தேன். கோல சிலாங்கூருக்கு வடக்கே நான் பிறந்த தோட்டத்தில் முனியாண்டிக்குச் சிமெண்டில் சிலை வைத்தபோது, மீசை முடிந்து, அரிவாள் முடிந்து, காலடி நாய்க்கு நாக்குக்கூடச் சிவந்த பிறகுதான் கண். லயத்து வீடுகளின் ஆட்களை எல்லாம் பக்கவாட்டில் ஒதுக்கிவிட்டு, முதல் பார்வை யார் மேலும் விழாதபடி எதிரே கண்ணாடி பிடித்து, அப்புறம்தான் தூரிகை எழுந்தது. அந்தக் கண் திறந்ததைப் பார்த்தவனுக்கு வேறு வரிசையில் கை வராது. எனக்கு வரவில்லை.

இந்த விளையாட்டுக்கு இரண்டு பேர், இரண்டு படை, ஒரு மேசை. அளவுநாடாவால் அளந்து ஆட்களை நகர்த்துவோம். யார் வெட்டினான், யார் செத்தான் என்பதைப் பகடை சொல்லும். என்னோடு விளையாடுகிறவன் தோட்டத்துப் பள்ளியில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவன், இப்போது சுங்கை பெசாரில் டயர் கடை வைத்திருக்கிறான். அவன் படை பச்சைத் தோல் பன்றிமூஞ்சிகள். கடைக்குப் பின்னால் இரண்டு லோரி டயர் அடுக்குகளின் மேல் பலகை போட்டால் அதுதான் எங்கள் போர்க்களம். காய்ந்த செம்பனைக் குலைகள் மலைகள். பதினோரு வருடம். ஞாயிற்றுக்கிழமைதோறும் என் பழைய சின்னப் படையை அடித்துத் துவைத்திருக்கிறான். ஒரு தடவைகூட விட்டுக்கொடுத்ததில்லை. "அழுவாதடா, மூக்கத் தொடச்சிட்டு ஆள எடு" என்பான். அதைக் கேட்கத்தான் நான் போனேனோ என்னவோ.

கண் விஷயத்தில் அவன் அப்போதே சொன்னான்.

"டேய், கண்ண மொதல்ல போட்டுருலா. பெசகுனா மேல தோல் கலர அடிச்சி மறைச்சிரலாம். கடைசில போட்டுப் பெசகுனா மொத்த மூஞ்சியும் போச்சி."

"சாமிக்கு அப்படியாடா வெக்கிறாங்க?"

"சாமி என்னா டைஸ் உருட்டப் போவுதா?"

சிரித்தேன். அவன் சொன்னதுதான் தொழில் தெரிந்தவர்கள் எல்லாரும் செய்வது. நான் கேட்கவில்லை. அறுபத்து மூன்று பேரையும் முடித்து, ஒரே வாரத்தில் எல்லாருக்கும் கண் திறந்து, மொத்தமாக மேசை ஏற்ற வேண்டும். முடிக்காத ஆள் மேசை ஏறக்கூடாது என்பது நாங்களே வைத்த சட்டம்.

பிறகு அந்த நூல்.

புக்கிட் பெருந்துங்கில் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில், விளக்குக்குக் கீழே மூடியைத் திருப்பித் திருப்பிக் கீறல் பார்ப்பது என் வேலை. ஒரு காலை எல்லா மூடியிலும் ஒரே கறுப்பு நூல். ஒரு தட்டு முழுவதையும் கழித்துத் தள்ளிவிட்டேன். மேற்பார்வைக்காரர் வந்தார், ஒன்றை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார். "எங்கண்ணே கீறல்? ஒண்ணும் இல்லியே." நான் சுவரைப் பார்த்தேன். நூல் சுவரில் இருந்தது. கூரையைப் பார்த்தேன். நூல் அங்கே வந்து நின்று கால் முளைத்து ஆடியது.

இனிப்புநீர், சர்க்கரை வியாதி. எத்தனையோ வருடமாக உள்ளே உட்கார்ந்து தின்றிருக்கிறது. கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்துவிட்டது, வலது கண் இனி அவ்வளவுதான், இடதுக்கு ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். "பார்க்கலாம்" என்று அவர் எவ்வளவு எளிதாகச் சொன்னார். மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமைக்குத் தேதி கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். அறுபத்து மூன்று முகம். அறுபத்து மூன்று முகத்திலும் வெறும் குழி. எல்லாம் என்னை நோக்கி, எதையும் பாராமல்.

தினமும் காலை வெயில் ஏறும் நேரம் கார் நிறுத்துகிற இடத்தில் மேசை போட்டேன். நெற்றியில் பூதக்கண்ணாடி. மூன்று மயிர் மட்டும் விட்டு வெட்டிய தூரிகை. மனைவியின் பவுடர் டப்பாக் கண்ணாடியை எதிரே சாய்த்து வைத்தேன். முதலில் ராஜா. குழிக்குள் வெள்ளை, வெள்ளைக்குள் ஒரு புள்ளி கறுப்பு, மூச்சை நிறுத்தி. அவன் கண்ணாடியில் தன்னைப் பார்த்தான். பிறகு கொடிக்காரன். பிறகு ராட்சசர்கள். பிறகு ஈட்டி. நூல் குறுக்கே வந்தால் தலையைச் சாய்த்து அதை ஒரு பக்கம் ஒதுக்கி, அது திரும்பி வருவதற்குள் ஒரு கண். பதினைந்து. பதினெட்டு. பத்தொன்பது.

இருபதாவது ஆளுக்குப் புள்ளி கன்னத்தில் விழுந்தது. துடைத்தேன், கன்னத்து நிறமும் சேர்ந்து வந்துவிட்டது. மறுபடி வைத்தேன், மூக்கில். அவன் கறுப்பாக அழுதுகொண்டு என்னைப் பார்த்தான். பார்த்தானா? கண் எங்கே இருக்கிறது பார்க்க? மறுநாள் நூல் புகையாகிவிட்டது. புகைக்குள் தூரிகை முனையைத் தேடினேன். முனை இல்லை. மேசை இருந்தது, கை இருந்தது, முனை இல்லை.

மனைவி டவுனில் ஒரு சலூனில் பெண்களுக்குப் புருவம் திருத்துகிறவள். வேலைக்குக் கிளம்பியவள் வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

"ஏங்க, நான் வெக்கிறேன் குடுங்க. நாளெல்லாம் கண்ணுகிட்டயே வேல பாக்குற கைதான இது."

"வேணாம்."

"எனக்குக் கை நடுங்காதுங்க."

"வேணான்னு சொல்றேன்ல!"

மேசை அதிர்ந்தது. கண்ணாடி கவிழ்ந்தது. அவள் அதை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

"செவ்வாக்கெழம ஒங்க கண்ணுல ஊசி எறக்கப் போறாங்க. அத நெனச்சி எனக்குச் சோறு எறங்கல. நீங்க பொம்ம கண்ணுக்கு ஒக்காந்து அழுவுறீங்க."

இரண்டும் ஒரே கண்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது. அவள் கை நடுங்காது, எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கொடுக்கவில்லை. கொடுத்துவிட்டால் முடிந்துவிடும்.

செவ்வாய்க்கு முந்திய ஞாயிறு, அறுபத்து மூன்று பேரையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு கிளம்பினேன். அவள்தான் காரை ஓட்டினாள், என்னை இறக்கிவிட்டுக் கடைத்தெருவுக்குப் போக. சுங்கை புரோங் பக்கம் வரும்போது ஜன்னலைத் திறந்தேன். பச்சை என்று தெரிந்தது. நெல் என்று ஞாபகம் சொன்னது.

நண்பன் பெட்டியை வாங்கிப் பலகையில் வைத்தான். ஒவ்வொருவராக எடுத்து நிறுத்தினான். ஓர் ஈட்டிக்காரனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், நிறைய நேரம். அது கண் இல்லாத ஆள் என்று அந்த மௌனமே சொன்னது. சட்டம் அவனுக்குத் தெரியும். இவன் மேசை ஏறக்கூடாது என்று சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

"நல்லா முடிச்சிருக்கடா. எல்லாரையும் ஏத்துலா."

ஏற்றினேன். அந்தப் பொய்யை விழுங்கினேன், வேறு வழி இல்லை, இந்த ஞாயிறை விட்டால் எந்த ஞாயிறு.

விளையாடினோம். வெளியே வெயில், உள்ளே டயர் ரப்பர் வாசனை. அவன் அளந்து சொன்னான், நான் நகர்த்தினேன். பகடை உருளும் சத்தம் எனக்குக் கேட்டது, எண் தெரியவில்லை. அவன் சொன்னான்.

"சீ, எனக்கு ஒண்ணு. ஒனக்கு அஞ்சு. என் ஆளு ரெண்டு பேரு காலி."

என் ஈட்டி வரிசை முன்னே போனது. போய்க்கொண்டே இருந்தது. பன்றிமூஞ்சிகள் விழுந்தன. அவன் தளபதி என் ராஜாவை வெட்ட வந்தான். மூன்றோ அதற்கு மேலோ விழுந்தால் ராஜா பிழைப்பான். உருட்டினேன். "நாலு!" மறுபடி வெட்டு. "ஆறு! என்னடா இன்னிக்கு, மச்சம்லா ஒனக்கு!" மறுபடி. "அஞ்சு!"

பதினோரு வருடத்தில் என் ராஜா எவனும் நான்காவது வெட்டுவரை நின்றதில்லை.

நான்காவது தடவை உருட்டி, நின்ற சத்தம் கேட்டதும், அவன் வாயைத் திறப்பதற்குள் பகடையின் மேல் கை வைத்தேன். அசைக்காமல், ஆள்காட்டி விரலை மட்டும் மேல்பக்கத்தில் இறக்கினேன். சீனர் கடையில் வாங்கிய பகடை. ஒன்றுக்கு மட்டும் பெரிய சிவப்புக் குழி.

ஒரே குழி. என் விரல்நுனி அதில் பொருந்தி உட்கார்ந்தது.

"ஆறுடா," என்றான் அவன்.

"விரல் இருக்குது அதுல."

கடையின் முன்பக்கம் காற்றடிக்கும் இயந்திரம் ஓடி நின்றது.

"ஒண்ணு," என்றேன். "முன்ன விழுந்ததும் அப்படித்தான?"

அவன் கையில் அளவுநாடா சடக்கென்று சுருண்டுகொண்டது.

"செவ்வாக்கெழமைக்கி அப்புறம் ஊரே எனக்கு ஆறுன்னுதான்டா சொல்லும். நீயும் சொல்லாத. நீ மட்டும் சொல்லாத."

கையைக் கூட்டத்துக்குள் விட்டேன். ஈட்டிகள் விரலைக் குத்தின. கிரீடத்தைத் தொட்டுப் பிடித்து, ராஜாவைத் தூக்கிப் பெட்டிக்குள் படுக்க வைத்தேன். முதலில் கண் திறந்தவன் அவன்தான்.

"ராஜா செத்துட்டான். இப்ப நீ உருட்டு. என்னா விழுதோ அதச் சொல்லு."

அவன் பகடையை எடுத்த சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சிய சத்தமும். உருண்டது, நின்றது.

"ஆறு," என்றான். குரல் கரகரத்தது. "எனக்கு. ஒன் கொடிக்காரன் காலி." பிறகு, கொஞ்சம் இழுத்து, "அழுவாதடா. மூக்கத் தொடச்சிட்டு ஆள எடு."

எடுத்தேன். அதன்பின் ஒவ்வொரு எண்ணையும் விரலால் தொட்டுப் பார்த்தேன், அவனும் தடுக்கவில்லை. கண் திறந்தவர்கள் முதலில் போனார்கள், திறக்காதவர்கள் பிறகு. மனைவி காரோடு திரும்பி வந்து ஹார்ன் அடித்தபோது பலகையில் என் பக்கம் ஒருவரும் நிற்கவில்லை.