மழைக்கு விரல் பார்த்த ஊர்

கோரடிங் ஊர்க்காரர்கள் நல்லவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். ஒரு வீடு தீப்பிடித்தால் ஓடிவருவார்கள், சாவு விழுந்தால் கேக் சுட்டு எடுத்து வருவார்கள், அதெல்லாம் உண்மைதான். ஆனால் என் தம்பி மனைவி கிளெனிஸ் இவர்கள் கண்ணெதிரே மூன்று வருடமாகக் கை முடங்கிப் போனாள். அந்தக் கையை வைத்து இவர்கள் மழை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நானும்தான் பார்த்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து எனக்கு ஞாபகப்படுத்த வேண்டாம்.

கிளெனிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். காலையில் அறுபது கிலோமீட்டர், மாலையில் அறுபது. பண்ணை வாசல் ஒவ்வொன்றிலும் நின்று பதினேழு பிள்ளைகளை ஏற்றி இறக்குவாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு நாள்கூடத் தாமதம் கிடையாது. பேச்சு குறைவு. ஆனால் பின்சீட்டில் யார் யாரைக் கிள்ளியது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். எங்கள் பக்கம் ஜூன்தான் குளிர்காலம். ஐம்பத்து மூன்று வயதில், அந்த ஜூன் குளிரில் ஒரு காலை, அவளால் பேருந்தின் சாவியைத் திருப்ப முடியவில்லை. விரல் கணுக்கள் வீங்கிச் சிவந்திருந்தன, தொட்டால் சுட்டன. குறட்டால் சாவியைப் பிடித்துத் திருப்பி வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். பிள்ளைகள் நேரத்துக்குப் பள்ளி போய்ச் சேர்ந்தார்கள்.

என் தம்பி ட்ரெவர் குளிர்தான் காரணம் என்றான். மாதம் இருமுறை ஊருக்கு வரும் மருத்துவர், அவரும் ஒவ்வொரு தடவை ஒவ்வொருவர், வலிமாத்திரை கொடுத்துவிட்டு அதையே சொன்னார். கோடையில் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. சொன்னேனா இல்லையா என்று ட்ரெவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

வினை அடுத்த செப்டம்பரில் வந்தது. ஓட்ஸ் பயிரைத் தீவனத்துக்காகப் பச்சையாக அறுத்து வயலிலேயே காயவிடும் நேரம் அது. கட்டு கட்டி முடிக்கும்வரை மழை படக்கூடாது, பட்டால் கறுத்துவிடும். வானிலை அறிக்கை பத்து நாள் வெயில் என்றது. கிளெனிஸ் தேநீர்க் கோப்பையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தூக்கியபடி, மூன்று விரல் மடங்க மாட்டேன் என்கிறது, மழை வருகிறதோ என்னவோ என்றாள். ட்ரெவர் அறுப்பைத் தள்ளிப்போட்டான். பக்கத்துப் பண்ணை நெவில் அறுத்தான். மூன்றாம் நாள் கொட்டித் தீர்த்தது. நெவிலின் தீவனம் முழுக்க வயலிலேயே வீணாய்ப் போனது.

அன்றோடு அவள் மனுஷி என்பதே எல்லோருக்கும் மறந்துபோயிற்று. காலை ஆறு மணிக்குத் தொலைபேசி அடிக்கத் தொடங்கும். எப்படி இருக்கிறாய் என்று ஒரு வாய் கேட்டதில்லை. எத்தனை விரல் என்பார்கள், நன்றி என்பார்கள், வைத்துவிடுவார்கள். உரமும் வேலிக்கம்பியும் விற்கிற கடையில் கல்லாவில் இருப்பது நான். கடைச் சுவரில் இருந்த கரும்பலகையில் தினமும் 'கிளெனிஸ்: இரண்டு' என்று என் கையால் எழுதினேன். இரண்டு விரல் மடங்கவில்லை என்றால் இரண்டு நாளில் மழை, மூன்று என்றால் மூன்று நாளில். இந்தக் கணக்கை எந்த மேதாவி கண்டுபிடித்தானோ தெரியாது. பாதி நாள் தப்பாய்ப் போனது. தப்பிய நாட்களை ஒருவரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை, பலித்த நாட்களை மட்டும் மதுக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அவளுக்கோ பீட்ரூட் டப்பாவைத் திறக்க முடியவில்லை, தலைமுடியைக் கட்ட முடியவில்லை. உள்ளாடைக் கொக்கியை மாட்ட என்னைக் கூப்பிடுவாள். நான் மாட்டிவிட்டு, எத்தனை விரல் என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போவேன். எழுதும்போதே என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மூன்றாம் வருடம் மார்ச்சில் பள்ளிக்கு வந்த ஒரு செவிலி அவள் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பெர்த் நகரத்துச் சிறப்பு மருத்துவருக்கு அவசரம் என்று கடிதம் எழுதிக் கொடுத்தாள். தேதி கிடைத்தது செப்டம்பர் முதல் வாரத்தில்.

"அறுப்பு நேரத்துல நீ பெர்த்துக்குப் போய் உக்காந்துட்டா இங்க யாரு விரல் காட்டறது?" என்று ட்ரெவர் கேட்டான். வேடிக்கையாகத்தான் கேட்டான். அவளும் சிரித்துவிட்டு, தேதியை அக்டோபருக்கு மாற்றிக்கொண்டாள்.

அந்த ஆகஸ்டில் பேருந்துப் பிள்ளைகளிடமிருந்து அவளுக்குக் காய்ச்சல் தொற்றியது. காய்ச்சல் போனது, வீக்கம் போகவில்லை. செப்டம்பர் முழுவதும் காலையில் உறைபனி, பகலில் சுத்தமான வானம், ஒரு பொட்டு மழை இல்லை. கரும்பலகையில் மட்டும் ஐந்து வாரம் தொடர்ந்து நான்கு, ஐந்து, ஆறு. ஊரே அறுக்காமல் காத்திருந்தது. ஓட்ஸ் முற்றிக் காய்ந்து வைக்கோலாகிப் போனது.

ஐந்தாம் வாரத்து வெள்ளிக்கிழமை கிளெனிஸ் கடையில் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நெவில் உள்ளே வந்தான். அவளை நேராகப் பார்த்து, "உன் விரல நம்பி நாப்பது ஹெக்டேர விட்டுட்டேன். இப்படிப் பொய் சொல்லுதே, உனக்கே வெக்கமா இல்ல?" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் இரண்டு கையையும் கல்லாமேல் வைத்தாள். வலது கை விரல்கள் நான்கும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருந்தன. தினமும் பார்த்த கைதான். அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இது மழை இல்ல நெவில். இது என் கை," என்றாள். பிறகு என்னிடம், "ஜாய்ஸ், தேதியெல்லாம் பாக்க முடியாது. நாளன்னிக்கு என்னை பெர்த்துக்குக் கூட்டிட்டுப் போ," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போய், திங்கள் காலை அந்த மருத்துவர் அறை வாசலில் உட்கார்ந்துவிட்டோம். ட்ரெவரும் வந்திருந்தான். டாக்டர் சியூ சின்ன உருவம், மெல்லிய குரல். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார். வலது கையில் இரண்டு விரல்களின் மூட்டு ஓரத்தை ஏதோ கொறித்துத் தின்ற மாதிரி இருந்தது.

நோயை எதிர்க்க உடம்பு வைத்திருக்கும் சக்தி திசைமாறித் தன் மூட்டையே தாக்குகிறது என்றார் அவர். குளிர், ஈரம், வெயில் படாத மாதங்கள், குளிர்காலத் தொற்றுகள், இவையெல்லாம் அதை இன்னும் உசுப்பிவிடலாம். ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

"வானிலை வலியைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனா நோய் வானிலையால வந்ததில்ல. வலி குறைஞ்ச கோடையிலயும் உள்ள எலும்பு அரிச்சிட்டேதான் இருந்திருக்கு. முதல் வருஷமே வந்திருந்தா இந்த ரெண்டு விரலும் தப்பிச்சிருக்கும்," என்றார்.

அந்த இரண்டு விரலும் இனி மடங்காது. பேருந்து ஓட்டுவது முடிந்த கதை. வாரம் ஒரு ஊசி போட்டால் அந்தச் சக்தி அடங்கும், மற்ற மூட்டுகளைக் காப்பாற்றிவிடலாம், ஆனால் தள்ளிப்போடக் கூடாது என்றார். கிளெனிஸ் அழவில்லை. எக்ஸ்ரேயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் டாக்டர்.

ட்ரெவர் தொண்டையைச் செருமினான். முப்பது வருடம் அவளோடு வாழ்ந்தவன். மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்று நினைத்தேன்.

"இந்த ஊசி போட்டப்புறம் டாக்டர், மழை வர்றது அவளுக்குத் தெரியுமா, தெரியாதா?"

கேள்வி டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கூடப்பிறந்தவன் என்றும் பாராமல் அங்கேயே அவன் மண்டையை உடைத்திருப்பேன். கிளெனிஸ் என் முழங்கையைத் தொட்டாள். அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. டாக்டரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"ஊசிய இன்னிக்கே போடுங்க டாக்டர். மிச்சம் எட்டு விரலும் எனக்கு வேணும்."

ட்ரெவர் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"எனக்கு மட்டும்," என்றாள்.