ஓட்டை டிஸ்க்கும் நல்ல தண்ணியும்

1. ஆடுகள்

உச்சிப்புளி ரோட்டில் ஆடுகள் குறுக்கே வந்தன. ஜமால் பாய் பிரேக்கை மிதித்தார். கார் உடனே நிற்கவில்லை. நிற்கலாமா வேண்டாமா என்று யோசித்தபடி கொஞ்ச தூரம் போய், கடைசி ஆட்டின் வாலுக்குப் பக்கத்தில் நின்றது. ஆடு எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. பக்கத்து சீட்டில் இருந்த நான் என் காலடியில் இல்லாத பிரேக்கை இன்னும் மிதித்துக்கொண்டிருந்தேன்.

“பாத்தீகளாண்ணே? இதான் கம்ப்ளைன்ட்டு” என்றார் பாய்.

“வாயால சொன்னாலே எனக்கு வெளங்கும் பாய். காட்டித்தான் ஆகணுமா?”

ராமநாதபுரத்தில் எனக்குப் பட்டறை. பிரேக் வேலைதான் பிரதானம். ஸ்போர்ட்ஸ் கார் எங்கள் பக்கம் அபூர்வம். ஜமால் பாய் தொண்டிக்காரர். துபாயில் ஒரு முதலாளி வீட்டில் டிரைவராக இருந்து, ஊர் திரும்பியதும் இரண்டு பேர் மட்டும் உட்காரும் சிவப்பு வண்டி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தார். அங்கிருந்த சிநேகிதர் ஒருவர் அன்பளிப்பாக ரேஸ் காருக்கான பிரேக் பேட் அனுப்பியிருந்தார். அதைத்தான் போட்டிருந்தார்.

ரேஸ் பேட் நன்றாகச் சூடேறினால்தான் பிடிக்கும். டிராக்கில் வளைவுக்கு வளைவு பிரேக் போடுவார்கள், சூடு இறங்காது. நம் ரோட்டில் ஒரு ஆட்டுக்கும் அடுத்த ஆட்டுக்கும் நடுவில் பேட் ஆறிவிடும். இதைச் சொன்னேன். பாய் தலையாட்டிவிட்டு வேறொன்றைச் சொன்னார்.

“அண்ணே, இருவது வருசம் அடுத்தவன் பொண்டாட்டிய இந்த மாதிரி வண்டில ஏத்திட்டுப் போயிருக்கேன். என் பொண்டாட்டி பஸ்ல போறா.”

அவர் மனைவி மெஹருன்னிசா ஒரே ஒரு முறை இந்தக் காரில் ஏறினாராம். தொண்டி கடைத்தெருவில் ஒரு மீன் வண்டியில் இடித்துத்தான் நின்றிருக்கிறது. அந்த அம்மாள் இறங்கி, மினி பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஏறவில்லை. பாய் துபாயில் இருந்து போன் பண்ணும்போதெல்லாம், ஊருக்கு வந்ததும் தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்வாராம். வந்தாயிற்று, வண்டியும் வாங்கியாயிற்று, பக்கத்து சீட்டு காலி. சொல்லும்போது அவர் கண் கலங்கியது. எனக்கும் சங்கடமாகிவிட்டது. உடனே ஸ்பானரைத் தேடினேன்.

2. ஓட்டை

பேட் விஷயத்தில் பாய் நான் சொன்னதைக் கேட்டார். ஆறிப்போயிருந்தாலும் முதல் மிதியிலேயே பிடிக்கிற தெரு பேட் போட்டோம். பேட் கவ்விப் பிடிக்கிற டிஸ்க் விஷயத்தில் கேட்கவில்லை.

“ஓட்ட போட்ட டிஸ்க்குதான் வேணும்ணே. வீலு வழியா தெரியணும்ல.”

“ஓட்டைக்குள்ள நம்ம ஊரு மணலும் உப்பும்தான் போகும் பாய்.”

“போகட்டும்ணே. அழகா இருக்கும்.”

அழகாகத்தான் இருந்தது. காசு அவருடையது, வீல் அவருடையது. மாட்டிக் கொடுத்தேன்.

சில வாரத்தில் வண்டி திரும்பி வந்தது. பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் நடுங்கியது. வீலைக் கழற்றி, கோணல் அளக்கிற டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். டிஸ்க் நேராக ஓடவில்லை. ஓட்டைக்கு ஓட்டை மயிரிழை போல வெடிப்பு வேறு. டிஸ்க் விற்றவரைப் போனில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் மறுபேச்சில்லாமல் புது செட் அனுப்பினார். அதையும் மாட்டினேன். அதுவும் அதே மாதிரி திரும்பி வந்தது. ஹப், பேரிங், கேலிப்பர் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் சுத்தம்.

“வீட்டுல அவ சிரிக்கிறாண்ணே” என்றார் பாய். “பிரேக்கு சரியாகுறதுக்குள்ள நமக்கு வயசாகிரும்ங்கிறா.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “வாங்க பாய். நானும் உங்க கூட தொண்டிக்கு வாரேன். வண்டி வீட்டுல என்ன செய்யுதுன்னு பாப்போம்” என்றேன்.

3. நல்ல தண்ணி

தொண்டி வரை அவரே ஓட்டினார். வழியெல்லாம் ஊர், ஊருக்கு ஊர் வேகத்தடை. நல்ல ஓட்டம், மிதமான கை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். சாவியைக்கூட எடுக்கவில்லை. நேராகப் போய்க் குழாயைத் திறந்து, ஹோஸைப் பிடித்து, நாலு வீலிலும் தண்ணீரைப் பீய்ச்சினார். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த சத்தம் வந்தது. வீலுக்குள்ளிருந்து ஆவி கிளம்பியது.

நான் போய் ஹோஸைப் பிடுங்கினேன். பிடுங்கியதில் என் சட்டை முழுக்க நனைந்தது.

“என்ன பாய் பண்றீக?”

“கழுவுறேன்ணே. கடக்கரைக் காத்து, உப்பு பிடிக்கும்ல.”

விஷயம் இதுதான். பாய் வல்லக்காரர் வீட்டுப் பிள்ளை. கடலுக்குப் போன வல்லம் கரைக்கு வந்ததும், ஆள் சாப்பிடுவதற்கு முன்னால் அவுட்போர்டு எஞ்சினுக்கு நல்ல தண்ணீர் காட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர் வாப்பா கையில் கிடைத்ததை எடுப்பாராம். எஞ்சினுக்கு அது சரியான வைத்தியம். கொதிக்கிற பிரேக் டிஸ்க்குக்கு அது கொலை. சூடான இரும்பு ஒரு பக்கம் சட்டென்று சுருங்கும், கோணும், ஓட்டை இருந்தால் ஓட்டையிலிருந்து வெடிக்கும்.

மெஹருன்னிசா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெனமும் இதே கூத்துதாண்ணே. வந்ததும் என்கிட்ட ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாக. வண்டிக்குத்தான் மொதத் தண்ணி.”

அங்கேயே உட்கார்ந்து புது டிஸ்க் முடிவு செய்தோம்.

“கோட்டிங் பண்ணின பிளெயின் டிஸ்க்கு. நடுவுல காத்து போற மாதிரி ரெட்டைத் தட்டு. உப்புக்கும் தாங்கும்” என்றேன்.

“ஓட்ட இல்லியாண்ணே?”

“இல்ல.”

“கோடு போட்டதாச்சும்?”

“கோடும் இல்ல.”

“அப்பறம் என்னத்துக்குண்ணே ஸ்போர்ட்ஸ் காரு?”

“நிக்கிறதுக்கு.”

கழுவுவதற்கும் ஒரு முறை சொன்னேன். வந்ததும் டீ குடிக்க வேண்டும். டிஸ்க் கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகு தண்ணீர். கழுவி முடித்ததும் தெருவில் ஒரு சுற்று ஓட்டி, மெதுவாக மிதித்து ஈரத்தைக் காய வைக்க வேண்டும். வண்டிக்குக் கவர் போடுவது அதற்கப்புறம்தான்.

4. தெருமுனை

புது டிஸ்க், புது பேட் மாட்டி, காலி ரோட்டில் படிப்படியாக மிதித்துப் பழக்கி, நானே கொண்டுபோய் விட்டேன். மெஹருன்னிசா வெளியே வந்தார். டிஸ்க்கைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

“நான் தெருமுனையில நிக்கிறேன். இவுக அங்கனயிருந்து ஓட்டிட்டு வந்து என் முன்னாடி நிறுத்தட்டும். அப்பறம் ஏறுறேன்” என்றார்.

சொன்னபடியே போய் நடுத்தெருவில் நின்றார். பாய் ஸ்டார்ட் செய்தார். நான் பக்கத்து சீட்டில். வண்டி நடைவேகத்தில் கொஞ்சம் நகர்ந்தது, நின்றது. நல்ல பிரேக், ஒரு நடுக்கமில்லை. ஆனால் அந்த அம்மாளுக்கும் எங்களுக்கும் நடுவில் இன்னும் நாலு வீடு இருந்தது.

“இன்னும் வாங்க!” என்று அவர் கத்தினார்.

பாய் நகரவில்லை.

“போங்க பாய். பிரேக்குக்கு நான் பொறுப்பு.”

“பிரேக்க நம்புறேன்ணே” என்றார் பாய். “நிக்கிறது அவள்ல. ஏலாதுண்ணே.”

எஞ்சினை அணைத்துவிட்டார். அந்த அம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாலு வீட்டுத் தூரத்தையும் அவரே நடந்து வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

“எறங்குங்கண்ணே” என்றார். இறங்கினேன். ஏறி உட்கார்ந்தார். “தனுஷ்கோடிக்குப் போங்க.”

போய்விட்டார்கள். நான் மினி பஸ் பிடித்தேன்.

சாயங்காலம் தனுஷ்கோடியிலிருந்து பாய் போன் செய்தார். காற்று இரைச்சலில் அவர் பேசியது ஒன்றும் விளங்கவில்லை. பின்னாலிருந்து அந்த அம்மாளின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. “அண்ணே, வண்டி நல்லாத்தான் நிக்குது. இவுகதான் வேகமா ஓட்ட மாட்டேங்கிறாக!”

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். வண்டியை எப்படி ஓட்டுகிறீர்கள் என்று எல்லா மெக்கானிக்கும் கேட்பார்கள். நீங்கள் வண்டி நின்ற பிறகு என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். அதையும் கேட்ட பிறகு, பக்கத்து சீட்டில் யார் உட்காரப்போகிறார் என்று கேளுங்கள். டிஸ்க்கும் பேடும் அந்த ஆளுக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டியவை.