அண்ணை இன்னும் இறங்கவில்லை

கட்டுநாயக்கா விமான நிலைய வாசலில் நின்றுகொண்டிருந்த அண்ணனிடம், அவர் இன்னும் அரபிக்கடலுக்கு மேலேதான் பறந்துகொண்டிருக்கிறார் என்று தொலைபேசியில் வாதாடியவன் நான்.

கனடாவில் அண்ணன் இருக்கும் ரொறன்ரோவிலிருந்து கொழும்பு எவ்வளவு தூரம், எத்தனை மணித்தியாலப் பறப்பு, இடையில் எங்கே இறங்கி ஏறுவது என்பதையெல்லாம் எங்கள் ஊரான பூநகரியில் என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். யாரும் கேட்பதில்லை, நானாகவே சொல்லிவிடுவேன். அண்ணனின் டிக்கெட்டில் கொழும்பில் இறங்கும் நேரம் காலை எட்டு மணி என்றிருந்தது. வேறு யாரென்றாலும் அதை எட்டு மணி என்றே வாசித்திருப்பார்கள். நான் படித்தவன் அல்லவா? ரொறன்ரோவில் போட்ட டிக்கெட், ஆகவே ரொறன்ரோ நேரம் என்று முடிவுகட்டி, ஒன்பதரை மணித்தியாலத்தைக் கூட்டி, ஆள் பின்னேரம்தான் இறங்குவார் என்று வீட்டுக்கு அறிவித்தேன்.

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுக்காரரைக் கூட்டிவர ஒரு வான் வண்டி நிறைய ஆட்கள் போகவேண்டும். புட்டுப் பார்சலும் போகவேண்டும். போகாவிட்டால் அந்தக் கோபம் பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும். போதாக்குறைக்கு, மறுநாள் விடிய எங்கள் புதுவீட்டுக்குக் குடிபூரல். மூத்தவன் கையால்தான் அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சவேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார்.

காலையில் வான்காரரைப் பிடித்துவைத்து, பூசைக்கு வாங்கிய தேங்காயைப் பூமியாக உருட்டி, ரொறன்ரோவில் இப்போது ஏன் இருட்டு என்று விளக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"எங்கையடா நிக்கிறியள்? நான் வெளியிலை வந்து எவ்வளவு நேரம்!"

"அண்ணை, நீங்கள் இன்னும் இறங்கேல்லை. இப்ப அரபிக்கடலுக்கு மேலை நிப்பியள்."

"கடலுக்கு மேலை நிண்டோ தேத்தண்ணி குடிக்கிறன்?"

"பிளேனிலையும் தேத்தண்ணி குடுப்பினம்."

"பிளேனிலை வந்து 'சேர், டக்சி வேணுமோ' எண்டு கையைப் பிடிச்சு இழுப்பினமோடா, விசரா?"

தேங்காயைக் கையில் எடுத்து, கொழும்பு எந்தப் பக்கம் என்று தேடினேன்.

"நீ ஒண்டும் வரவேண்டாம். நான் பஸ்ஸிலை வாறன்" என்று வைத்துவிட்டார்.

அம்மா தலையில் கைவைத்தார். "அவன் கோவிச்சுக்கொண்டு கொழும்பிலை நிண்டிட்டான் எண்டால் நாளைக்கு ஆர் பால் காய்ச்சுறது?" மனைவி என் கையிலிருந்த பூமியை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

பின்னேரம் முழுக்க, பூநகரிக்குத் திரும்பும் பரந்தன் சந்தியில் வானோடு காவல் நின்றேன். யாழ்ப்பாண பஸ் ஒவ்வொன்றும் அண்ணனில்லாமல் போனது. கடைசியில் ஒன்றிலிருந்து சூட்கேஸ்கள் இறங்கின. பின்னால் அவர் இறங்கினார். ஓடிப்போய்ச் சூட்கேஸ்களை வானுக்குள் ஏற்றினேன். பின்னால் ஏறியவர் யன்னல் பக்கம் திரும்பி, பூநகரி வரை வயலைப் பார்த்தபடி வந்தார்.

விடிய, அண்ணன்தான் அடுப்பை மூட்டினார். பால் பொங்கி வழிந்தது. அதைக் கண்ட பிறகுதான் அம்மாவுக்குக் கேட்கத் துணிவு வந்தது.

"தம்பியோடை கோவமோ, மோனை?"

"எனக்கென்ன கோவம்? அவன் வந்திருந்தால் கட்டுநாயக்காவிலை இருந்து இஞ்சை வரைக்கும் உலக நேரம் விளங்கப்படுத்திக்கொண்டு வந்திருப்பான். பஸ்ஸிலை நல்ல நித்திரை, அம்மா."